மணவிற் கோட்டமும் மணவூர் ரயில் நிலையமும்

திருத்தணிக்குத் தென்கிழக்கே, திருவாலங்காட்டை அடுத்துள்ள மணவூர் இன்று ஒரு சிற்றூர். ஆயினும் தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றான மணவிற் கோட்டம் இவ்வூரின் பழம்பெயரான மணவில் என்பதைக் கொண்டே வழங்கியது என ஆய்வாளர் கருதுவர். கோட்டம் என்பது, பாசனத்தாலும் வேளாண் உறவுகளாலும் பிணைந்த ஊர்த்தொகுதிகளான ‘நாடு’கள் பலவற்றை உள்ளடக்கிய பெரும்பிரிவு ஆகும். சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவனாக விளங்கித் தில்லையில் நூற்றுக்கால் மண்டபம் எடுப்பித்த நரலோகவீரன், மணவிற் கூத்தன் காலிங்கராயன் என்றே கல்வெட்டுகளில் பெருமையுடன் குறிக்கப்படுகிறான். வயல் சூழ்ந்த ஓர் ஊர் ஒரு வட்டாரத்திற்கே தலைமையிடமாகவும் திகழ்ந்ததில் அக்காலத்தவர் எந்த முரணையும் கண்டதாகத் தெரியவில்லை.

கிராமம், நகரம் என்று நிலப்பரப்பை இரண்டாகப் பிரிப்பது மனிதப் புவியியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றெனினும், சோழர் ஆட்சி இடங்களைப் பிரித்தறிந்த முறை வேறு. நிலவுடைமையுள்ள வேளாளரின் அவை ஊர், பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயத்தின் அவை சபை, வணிகரின் அவை நகரம் என, அங்குக் கூடி முடிவெடுப்போர் யார் என்பதே பிரிவினைக்கு அடிப்படையாக இருந்தது. மணவூருக்கு அருகிலுள்ள பழையனூர் இதற்குச் சிறந்த சான்று. முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018ஆம் ஆண்டளவில், பிரமதேயமாக இருந்த அவ்வூர் வேளாளர் பொறுப்பிலுள்ள வெள்ளான்வகையாக மாற்றப்பட்டுத் திருவாலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாக வழங்கப்பட்டதை, 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் விரிவாக உரைக்கின்றன. வயலும் ஏரியும் மாறவில்லை. அவற்றின் வருவாய் யாரைச் சேரும், யார் பொறுப்பில் நிற்கும் என்பதே மாறிற்று.

1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கி ஓடிய தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இவ்வூர்களின் வழியே சென்றது. பம்பாய் செல்லும் பாதை பிரியும் சந்திப்பாக அமைந்த அரக்கோணம் நகராக வளர, மணவூர் வண்டிகள் நின்று செல்லும் சிறு நிலையமாயிற்று. பழைய கோட்டத் தலைமையை முற்றிலும் புறந்தள்ளிய, சந்திப்பு, சிறு நிலையம் என்னும் இந்த வரிசைமுறையே இவ்விரு ஊர்களுக்கிடையிலான இன்றைய ஏற்றத்தாழ்வுக்குப் பெருங்காரணம் எனல் மிகையாகாது.

பின்னர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களால் எல்லை வகுத்தது. நகராட்சி, பேரூராட்சி போன்ற சட்டத் தகுதி இல்லாத ஓர் ஊர் நகரமாகக் கொள்ளப்பட வேண்டுமாயின், அங்கு 5,000 பேரேனும் வாழ வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேரேனும் இருத்தல் வேண்டும். உழைக்கும் ஆண்களில் 75 விழுக்காட்டினரேனும் வேளாண்மை சாராத தொழில் செய்ய வேண்டும். இவ்வளவுகோல் ஒருவரை அவர் வேலை செய்யும் இடத்தில் அன்றி, குடியிருக்கும் இடத்திலேயே எண்ணுகிறது. ஆகவே விடியற்காலை மின்தொடர் வண்டியேறிச் சென்னைக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் சென்று இரவில் திரும்பும் உழைப்பாளர், தம் ஊரில் ஓர் ஆலையும் எழாத நிலையிலேயே அதை நகரக் கணக்கை நோக்கி நகர்த்துகின்றனர்.

சொரோக்கின், சிம்மர்மன் என்னும் சமூகவியலாளர் 1929இலேயே, கிராமமும் நகரமும் ஒன்றினுள் ஒன்று படிப்படியாகக் கலக்கும் தொடர்ச்சி என்று விளக்கினர். ஆனால் நிர்வாகம் தொடர்ச்சியை ஏற்பதில்லை. அதற்குக் கோடு வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கே உரியதாக அமைந்ததால், தமிழகத்தில் ஊராட்சிகளை நகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகள் வரும்போதெல்லாம், அவ்வேலை போய்விடும், வீட்டு வரி உயரும் என்று கிராம மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர். அவ்வெதிர்ப்பை வளர்ச்சியின் மீதான அச்சமாகக் கருதுவது பெரும்பிழை. தம் ஊரின் தகுதி மாறினால் பெறுவதும் இழப்பதும் எவை என்பதை அவர்கள் நன்கு அறிந்தே பேசுகின்றனர்.