உளவியல் உடற்கூராய்வு

தற்கொலையால் இறந்தவரின் மனநிலையை, உறவினரையும் நெருங்கியவர்களையும் விசாரித்து, மருத்துவக் குறிப்புகளின் துணையோடு மீட்டெடுக்கும் ஆய்வு முறை. விடை பெரிதும் விசாரணையின் அளவுகோலைச் சார்ந்தது என்பதற்குத் தமிழ்நாடே நல்ல சான்று. லட்சுமி விஜயகுமாரும் எஸ். ராஜ்குமாரும் 1999இல் வெளியிட்ட சென்னை ஆய்வில், இறந்த 100 பேரில் 88 பேருக்கு மனநோய் இருந்ததாகக் கண்டனர். 2010இல் வெளியான, வேலூர் மாவட்டக் கணியம்பாடி ஒன்றியத்து ஆய்விலோ 100 பேரில் 37 பேருக்கே. அந்த 37இலும் பெரும்பகுதி மது அடிமைத்தனமும் நெருக்கடியை ஏற்க இயலாத தற்காலிக மனக்குலைவும்தான். தீராத வலியும் தொடர் நெருக்கடியும் தனியே ஆபத்தைக் கூட்டின. நகரம், கிராமம் என்ற வேறுபாட்டுக்கும் இதில் பங்கிருக்கலாம். ஆனால் துயரம் எந்த இடத்தில் நோயாகிறது என்று கோடு கிழிப்பவர் ஆய்வாளரே.

முடிவு தெரிந்தபின் பேசும் உறவினர் காரணம் தேடிக் கண்டுபிடிப்பார், அல்லது வெட்கத்தால் நோயை மறைப்பார் என்பது இம்முறைக்கு எதிரான வலுவான ஆட்சேபம். இரு ஆய்வுகளும் உயிரோடிருக்கும் தலா 100 பேரை ஒப்பீட்டுக்கு வைத்தன. அது பிழையைக் குறைக்கும், போக்காது. ஏனெனில், இறந்தவரைப் போலன்றி, உயிரோடிருப்பவரால் தம் கதையைத் தாமே சொல்ல முடியும் அல்லவா? உயிரோடிருப்போரைப் பல்லாண்டு பின்தொடர்வது இதைவிடத் துல்லியம். ஆனால் தற்கொலை அரிய நிகழ்வு என்பதால் அதற்குப் பல்லாயிரம் பேர் வேண்டும். விடை இப்படி அளவுகோலையும் இடத்தையும் பொறுத்து மாறக்கூடும் என்பதால், காரைக்குடி போன்ற வேறோர் ஊருக்கு மனநலத் திட்டம் வகுப்பவர் 88ஐயோ 37ஐயோ அப்படியே இறக்குமதி செய்வது சரியன்று.