சோடியத்திலும் பாதரசத்திலும் எலக்ட்ரானின் தற்சுழற்சி

தெருவில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கிலும் பாதரச ஆவி அடைத்த வீட்டு டியூப் லைட்டிலும் அடிப்படை வேலை ஒன்றுதான். பாய்ந்து வரும் எலக்ட்ரான் மோதி அணு கிளர்வுறுகிறது. அந்த ஆற்றலை ஒளியாக உமிழ்ந்து அடிநிலைக்குத் திரும்புகிறது. மோதுகிற எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால், இரண்டு அணுக்களும் வெவ்வேறு விடை சொல்கின்றன.

சோடியத்தின் அணு எண் 11. இங்கே தற்சுழற்சியைத் திருப்பிவிடும் விசை மிகச் சிறியது. செயல்படுவது பவுலி விதிதான். வந்த எலக்ட்ரானையும் அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரானையும் பிரித்தறிய முடியாது; அவை இடம் மாறிக்கொள்ளலாம், இதுவே பரிமாற்றம். அவற்றின் தற்சுழற்சி ஒரே திசையில் இருப்பதும் எதிரெதிராக இருப்பதும் சிதறலையே மாற்றிவிடுகின்றன. 1980-களில் அமெரிக்காவின் கைதர்ஸ்பர்க்கில் மெக்கிளெலண்ட், கெல்லி, செலோட்டா மூவரும் எலக்ட்ரான்களையும் சோடியம் அணுக்களையும் தற்சுழற்சியில் ஒருமுகப்படுத்தி இதை நேரடியாக அளந்தார்கள். அணுக்களை ஒருமுகப்படுத்தியது லேசர்.

பாதரசத்தின் அணு எண் 80. அந்தக் கருவை நெருங்கிப் பாயும் எலக்ட்ரான் வலுவான காந்தப்புலத்தை உணர்கிறது. தற்சுழற்சி மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்பதைப் பொறுத்து அது இடமோ வலமோ கூடுதலாகச் சிதறும். கனமான கருக்களில் இப்படி நடக்கும் என்று மாட் 1929-இலேயே கணித்திருந்தார்.

ஆனால் பாதரசத்தில் காணும் இட வல வேறுபாடு முழுவதையும் இந்தக் காந்த விசையின் கணக்கில் எழுதுவது தவறு. 1914-இல் பிராங்கும் ஹெர்ட்ஸும் கண்ட 4.9 எலக்ட்ரான் வோல்ட் மட்டம் ஒரு மும்மைக் குடும்பத்தின் நடு உறுப்பு. மற்ற இரண்டும் 4.67, 5.46-இல் இருக்கின்றன. இவ்வளவு இடைவெளி இருப்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்கலாம். அப்படி ஒரு மட்டத்தை மட்டும் பிரித்தெடுத்தாலே, பரிமாற்றம் ஒன்றினால்கூட இட வல வேறுபாடு தோன்றிவிடும். ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் ஹன்னே விளக்கிய நுண்கட்டமைப்பு விளைவு இதுதான். சோடியத்திலும் இது உண்டு. ஆனால் அதன் இரு மஞ்சள் வரிகளுக்குரிய மட்டங்கள் வெறும் 0.002 எலக்ட்ரான் வோல்ட் தள்ளியிருப்பதால், சிதறிய எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்து அவற்றைப் பிரிக்க இயலாமல் விளைவு மறைந்துபோகிறது.

இரண்டு காரணங்களையும் பிரிக்க வழி இருக்கிறது. மும்மைக் குடும்பத்தின் மூன்று மட்டங்களுக்கும் கிடைத்த வேறுபாடுகளை அவற்றின் எடைப்படி கூட்ட வேண்டும். பரிமாற்றம் மட்டும் காரணமென்றால் கூட்டுத்தொகை பூச்சியமாகும். பூச்சியமாகாமல் நிற்கும் மீதியைத்தான் கனமான கருவின் விசைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.