பாக்கி வைத்து எரியும் விளக்கு

மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்து எரித்தோம். மின்சாரம் வந்ததும் இந்த முறை தலைகீழானது. முதலில் எரிக்கிறோம், பிறகு பணம் கட்டுகிறோம். ஸ்விட்சைப் போட்ட கணத்திலிருந்தே நாம் கடனாளிகள். மின்கட்டணப் பாக்கி என்பது ஏதோ சில வீடுகளின் தொல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் மின்சார வியாபாரமே பாக்கியின் மேல்தான் எழுப்பப்பட்டது. அந்தக் கடனை எப்படி அளப்பது, எத்தனை நாள் பொறுப்பது, எப்படி வசூலிப்பது என்ற மூன்று கேள்விகளின் வரலாற்றை இங்கே காண்போம்.

எண்ணெயைப் படியில் அளந்து ஊற்றலாம். மின்சாரத்தை அப்படி முன்கூட்டியே அளந்து வீட்டில் வைக்க வழியில்லை. உற்பத்தியாகும் கணத்திலேயே அது செலவாகிவிடுகிறது. எனவே செலவான பிறகே கணக்கு. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் வேலை செய்யும்போது செலவாகும் ஆற்றல். அதாவது 36 லட்சம் ஜூல். 50 கிலோ அரிசி மூட்டையை ஏழு கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்துக்குத் தூக்க இந்த ஆற்றல் போதும்! கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரக்கை எப்படி நிறுப்பது?

துத்தநாகத் தகடும் சுழலும் தட்டும்

எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் 1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க்கில் இயங்கத் தொடங்கியது. முதல் சில மாதங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பில் அனுப்பவில்லை. 1883 ஜனவரியில்தான் முதல் பில் போயிற்று. எடிசனின் மீட்டர் ஒரு வேதியியல் கருவி. துத்தநாக சல்பேட் கரைசலில் இரண்டு துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு அவற்றின் வழியே பாயும். பாயும் மின்னூட்டத்துக்கு ஏற்ப ஒரு தகட்டிலிருந்து மறு தகட்டுக்கு உலோகம் பெயரும் என்பது பாரடேயின் விதி. மாதம் ஒருமுறை ஊழியர் தகடுகளை எடுத்துச் சென்று நிறுத்துப் பார்ப்பார். எடை மாற்றமே கட்டணம்.

இயற்பியல் சரிதான். ஆனால் வீட்டுக்காரர் எதைப் பார்த்துச் சரிபார்ப்பது? தராசு கம்பெனியிடம் அல்லவா இருந்தது!

இக்குறையைச் சுழலும் தட்டு தீர்த்தது. சுழலும் காந்தப்புலத்தை இத்தாலியின் கலிலியோ பெர்ராரிஸ் 1885இல் செய்து காட்டினார். அந்தத் தத்துவத்தைக் கொண்டு புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையில் ஓட்டோ பிளாத்தி 1889இல் தூண்டல் மீட்டரை உருவாக்கினார். மீட்டருக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள்: ஒன்று மின்னழுத்தத்துக்கு, மற்றது மின்னோட்டத்துக்கு. அவை அலுமினியத் தட்டில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டித் தட்டைச் சுற்ற வைக்கின்றன. ஒரு நிலைக்காந்தம் தட்டுக்குத் தடை போடுகிறது. இழுக்கும் விசை திறனுக்கு நேர்விகிதத்திலும், தடுக்கும் விசை வேகத்துக்கு நேர்விகிதத்திலும் இருப்பதால், தட்டின் வேகமே திறனைச் சொல்லிவிடும். சுற்றுகளின் எண்ணிக்கையே யூனிட். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே எண்ணை ஒரே இடத்தில் பார்க்க முடிந்தது. பின்னர் வந்த மின்னணு மீட்டரில் மினுக்கும் சிறு சிவப்பு விளக்கு அந்தத் தட்டின் வாரிசுதான்.

மந்தைவெளிக்கு வந்த மின்சாரம்

சென்னையில் மின்சார டிராம் 1895இலேயே ஓடியது. வீடுகளுக்கு விநியோகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனத்தால் வந்தது. 1947 ஆகஸ்டில் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1957 ஜூலை 1இல் மின்வாரியம் பிறந்தது. 2010இல் டான்ஜெட்கோ, 2024இல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர்கள் மாறினாலும் மக்கள் வாயில் அது என்றும் ஈ.பி.தான்.

பெயரைக் கேட்டாலே மாடுகள் மேய்ந்த வெளி நினைவுக்கு வரும் மந்தைவெளியில், மயிலாப்பூரைப் போலவே, ஒரே வீட்டைப் பல போர்ஷன்களாகப் பிரித்து வாடகைக்கு விடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அத்தகைய வீடுகள் பலவற்றில் ஈ.பி.யின் மீட்டர் ஒன்றே. குடித்தனக்காரர்களுக்கு ஒரு விளக்குக்கு, ஒரு விசிறிக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் கணக்கிடுவார். அல்லது சப் மீட்டர் வைப்பார். மீட்டரைப் பார்க்கும் உரிமை இருந்தும், கட்டணத்தைச் சரிபார்க்கும் வழி குடித்தனக்காரருக்கு இல்லை. ஒருவர் பணம் தராவிட்டாலும் பியூஸைப் பிடுங்கும்போது எல்லோருக்கும் இருட்டு.

மற்ற வீடுகளில் நெடுங்காலம் சாட்சியாக இருந்தது வெள்ளை அட்டை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பாளர் வந்து, தேதி, மீட்டரின் எண், யூனிட், தொகை ஆகியவற்றை அதில் எழுதிக் கையொப்பமிடுவார். அந்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். மீட்டர் எண்ணும் அட்டையும் பொருந்துகின்றனவா என்று பார்க்க அந்த 20 நாள் அவகாசம் போதும்.

கெடுவும் சட்டமும்

1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம், பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் ஏழு முழு நாட்கள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும் என்றது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தில் 56ஆம் பிரிவு அதைப் பதினைந்து நாளாக்கியது. பலர் அறியாத ஒரு பாதுகாப்பும் அதில் உண்டு. கேட்கப்பட்ட தொகை தவறு என்று கருதும் நுகர்வோர், தம் ஆட்சேபணையைத் தெரிவித்து, கேட்ட தொகையையோ முந்தைய ஆறு மாதச் சராசரிப்படி வரும் தொகையையோ, எது குறைவோ அதைக் கட்டினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

பாக்கி இரண்டு ஆண்டுகளாகப் பில்லில் தொடர்ந்து காட்டப்படாமல் இருந்தால் அதை வசூலிக்க முடியாது என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆனால் தவறுதலாக விடுபட்ட தொகைக்குப் பின்னர் துணைப் பில் அனுப்பலாம். அதற்காக இணைப்பைத் துண்டிக்கத்தான் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் விளக்கியது. மாநில விதிகள் இடம் தந்தால், பழைய உரிமையாளரின் பாக்கியைப் புதிய உரிமையாளரிடம் கேட்கலாம் என்று அதே நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. பழைய வீட்டையோ பிளாட்டையோ வாங்குவோர் பத்திரத்தோடு மின் பாக்கியையும் பார்ப்பது நல்லது.

ஊரடங்கு கற்பித்த கணக்கு

2020 ஊரடங்கில் கணக்கெடுப்பாளர் வீடுகளுக்கு வர முடியவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டும்படி மின்வாரியம் கூறியது. பிறகு நான்கு மாத யூனிட்டையும் சேர்த்து எடுத்து, இரண்டாகப் பிரித்து, இரு பில்களாகக் கணக்கிட்டு, முன்பு கட்டிய பணத்தைக் கழித்தது. இதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூலையில் தள்ளுபடி செய்தது.

பிரித்தால் என்ன ஆகும்? அன்றைய கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1130 ரூபாய்; 501 யூனிட்டுக்கு 1786 ரூபாய் 60 காசு. எல்லையைத் தாண்டும் ஒரே யூனிட்டின் விலை 650 ரூபாய்க்கு மேல்! உண்மையில் 400, 600 என்று செலவழித்த வீடு தனித்தனியே 830, 2440 ஆக மொத்தம் 3270 ரூபாய் கட்டியிருக்கும். இரண்டு 500களாகப் பிரித்தால் 2260 ரூபாய்தான். 1010 ரூபாய் லாபம். 450, 600 என்று செலவழித்த வீட்டுக்கு உண்மைக் கணக்கு 3420 ரூபாய். இரண்டு 525களாகப் பிரித்தால் 3890 ரூபாய். 470 ரூபாய் நஷ்டம். முறை ஒன்றே, விளைவு வெவ்வேறு. மீட்டரின் எண்ணை நடுவில் ஒருமுறை குறித்து வைத்திருந்த வீட்டுக்குத்தான் தன் நிலை எது என்று தெரிந்திருக்கும்.

தானாகப் போகும் பணம்

நம் கணக்கிலிருந்து கடன்காரரே பணம் எடுத்துக்கொள்ளும் முறை பிரிட்டனில் 1964இல் தோன்றியது. யூனிலீவர் நிறுவனம் ஐஸ்கிரீம் விற்பவர்களிடமிருந்து பணம் பெற அதைக் கையாண்டது. இந்தியாவில் 1990களில் ரிசர்வ் வங்கியின் ஈ.சி.எஸ். முறை இதற்கு வழி திறந்தது. 2020 ஜூலையில் யு.பி.ஐ. ஆட்டோபே வந்தது. வரிசையில் நிற்கவோ கெடுவை நினைவில் வைக்கவோ வேண்டியதில்லை. மறதியால் வரும் பாக்கி இதனால் பெரிதும் ஒழியும்.

ஆனால் கையில் பணமில்லாமல் வரும் பாக்கி ஒழியாது. அது மின்வாரியத்திடமிருந்து வங்கிக்கு இடம் மாறும். கணக்கில் பணம் போதாமல் மின்னணுப் பற்று திரும்பினால் வங்கி தண்டம் விதிக்கும். அதன் பின் வரும் அறிவிப்புக்குப் 15 நாட்களுக்குள் பணம் தராவிட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, செக் திரும்பியது போலவே குற்றமாகவும் கருதப்படலாம். மேலும், அட்டை தந்த 20 நாள் அவகாசத்தின் இடத்தில், பணம் எடுக்குமுன் 24 மணி நேர முன்னறிவிப்பு வந்திருக்கிறது. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காதவருக்கு, சரிபார்ப்பது பணம் போன பிறகுதான்.

அடுத்து வருவது முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டர். அது பரவினால், காசு கொடுத்தபின் வெளிச்சம் என்ற மண்ணெண்ணெய்க் காலத்து முறைக்கே நாம் திரும்புவோம். அப்போதும் அளவு சரியா என்ற கேள்வி மட்டும் நீங்காது. எடிசனின் வாடிக்கையாளருக்குத் தராசு எட்டவில்லை. நமக்கு எட்டும் தூரத்தில்தான் மீட்டர் இருக்கிறது. மாதத்தின் முதல் நாள் அதன் எண்ணைக் காலண்டரில் குறித்து வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பணம் தானாகப் போகலாம். கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும்.