256-ஆம் கட்டத்தில் நின்ற ஆட்டம்

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980-இல் வெளியிட்ட பேக்-மேன் வீடியோ ஆட்டத்துக்கு முடிவு என்று ஒன்றை யாரும் எழுதவில்லை. தோரு இவாதானியின் குழு உருவாக்கிய அந்த ஆட்டத்தில், கையிலிருக்கும் உயிர்கள் தீரும்வரை கட்டம் கட்டமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். காசு போட்டு ஆடும் கடைகளின் பிழைப்பே ஆட்டக்காரர் சீக்கிரம் தோற்பதை நம்பித்தான் நடந்தது. மணிக்கணக்கில் ஒருவர் தோற்காமல் நிற்பார் என்று அந்தக் காலத்தில் யார் எதிர்பார்த்தார்கள்?

ஆனால் நின்றார்கள். பேக்-மேனைத் துரத்தும் பேய்கள் இஷ்டப்படி ஓடுவதில்லை. நாம் ஒரே மாதிரி திரும்பினால் அவையும் ஒரே மாதிரி வரும். இதைக் கண்டுகொண்டவர்கள் எந்த மூலையில் எப்போது திரும்புவது என்று மனப்பாடம் செய்தார்கள். 21-ஆம் கட்டத்திலிருந்து வேகமோ விதிகளோ மாறாததால், ஒரே பாதையே போதுமானதாக இருந்தது. அப்படி 255 கட்டங்களைத் தாண்டியவர்கள் கண்டது, வலப்பாதி சிதைந்துபோன ஒரு திரை.

கட்ட எண்ணுக்கு நினைவகத்தில் ஒதுக்கியிருந்த இடம் ஒரே ஒரு பைட். அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். முதல் கட்டத்தை 0 என எண்ணுவதால், 256-ஆவது கட்டம் 255 ஆகிறது. திரையின் அடியில் கட்டத்தைக் காட்டும் பழங்களை வரையும் நிரல் அதோடு ஒன்றைக் கூட்ட, எண் மறுபடி 0 ஆகிவிடும். 7 பழங்களுக்கு மேல் வரையக் கூடாத நிரல் அந்த 0-இல் குழம்பி, 256 பழங்களை வரையப் பார்க்கும். பழங்களின் பட்டியல் தீர்ந்த பிறகும் நிற்காமல், நினைவகத்தில் அடுத்துக் கிடப்பதையெல்லாம் எடுத்துத் திரையில் கொட்டும். எழுத்தும் எண்ணுமாகக் கலைந்து, வலப்பாதியில் பாதையே தெரியாது. ஒரு கட்டம் முடிய 244 புள்ளிகளைத் தின்ன வேண்டும். அந்தத் திரையில் அத்தனை புள்ளிகள் இல்லை. எவ்வளவு திறமை இருந்தாலும் அதற்கு மேல் போக வழியில்லை.

நின்டெண்டோவின் டாங்கி காங் (1981) இன்னும் சீக்கிரமே மாட்டிக்கொண்டது. அதில் கட்ட எண்ணைப் பத்தால் பெருக்கி 40 கூட்டித்தான் நேரம் தீர்மானமாகும். 22-ஆம் கட்டத்தில் விடை 260. ஒரு பைட்டில் 256 போக மிஞ்சுவது 4. நாயகன் மேலே ஏறிச் சேர்வதற்கு முன்பே, சில நொடிகளில் நேரம் தீர்ந்து உயிர் போய்விடும்.

பேக்-மேனில் எடுக்கக்கூடிய உச்ச மதிப்பெண் 33,33,360. அப்படியோர் உச்சம் இருப்பதே அந்தப் பிழையால்தான். ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்திருந்தால், அதை முழுமையாக ஆடி முடித்தேன் என்று ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. உருவாக்கியவர்கள் எழுதாமல் விட்ட முடிவை, கணக்குப் பிழையும் ஆட்டக்காரர்களின் விடாப்பிடியும் சேர்ந்து எழுதின.