வெறியும் குரவையும்: உளநோய்க்கு ஆடல் மருந்தாதல் பற்றிய ஓர் ஆய்வு

செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே திருவிடந்தை என்னும் சிற்றூர் உள்ளது. நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர் இது. திருமங்கையாழ்வார் இதனைத் திருவிடவெந்தை எனப் பாடினார். பெரிய திருமொழியில் இரண்டாம் பத்தின் ஏழாம் திருமொழி இவ்வூர்க்கே உரியது. அது தாய் கூற்றாக அமைந்தது. தோழியரைக் கண்டும் மகள் முறுவலிப்பதில்லை, கண்ணுக்கு மை எழுதுவதில்லை, கூந்தலில் பூச்சூடுவதில்லை, பூசிய சந்தனமும் அவளுக்குத் தீயாய்ச் சுடுகின்றது. இவற்றையெல்லாம் எடுத்துரைத்து, இவள் திறத்தில் உன் கருத்துத்தான் யாது என்று தாய் இறைவனையே வினவுகின்றாள்.

இத் திருமொழியில் உள்ளவற்றைப் போலவே இல்லாத ஒன்றும் ஆய்வார் கருத்தை ஈர்க்கும். அகப்பாட்டு மரபில், மகள் மெலிந்தாள் எனக் கண்ட தாய் முதலில் நாடுவது கட்டுவிச்சியை. அடுத்து நாடுவது வேலனை. கட்டுவிச்சி நெல்லிட்டுக் குறி பார்ப்பாள். வேலன் களம் அமைத்து வெறியாடுவான். திருவிடவெந்தைத் தாயோ இருவரையும் அழைத்தாளில்லை. ஆடல் கொண்டு உளநோய் தீர்க்கும் முயற்சி தமிழகத்தில் பழமையானது. ஆழ்வார் அதனை அறியாதவரும் அல்லர். அங்ஙனமாகவும் அது ஈண்டு இடம்பெறாமை ஏன் என்னும் வினாவே இக் கட்டுரைக்குத் தோற்றுவாய்.

வெறியாட்டின் இயல்பைச் சங்கப் பாட்டுக்கள் விரிவாகக் காட்டுகின்றன. மணல் பரப்பிய களத்தில், நள்ளிரவில், மறியின் குருதி கலந்த தினையைத் தூவி, முருகனை வருவித்து வேலன் ஆடுவான். கழங்கிட்டு நோயின் காரணம் கூறுவான். தொல்காப்பியக் களவியல், வெறியாட்டின்போது தலைவிக்குத் தோன்றும் அச்சத்தை அவள் கூற்று நிகழும் இடங்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. நோய் தீர்க்க வந்த ஆடலைக் கண்டு நோயுற்றவளே அஞ்சுகின்றாள் என்பது கருதற்பாலது.

அவ் வச்சத்தின் காரணத்தை வெறிபாடிய காமக்கண்ணியார் நன்கு விளக்குகின்றார். வெறியைப் பாடிய சிறப்பாலேயே அடைபெற்ற புலவர் இவர். அகநானூற்றில் இவர் பாடியவை இரண்டு. 22-ஆம் பாட்டில், வேலன் முருகனை வேண்டி ஆடிய அதே இரவில் தலைவன் காவல் கடந்து வந்து தலைவியைத் தழுவுகின்றான். அவள் மேனி தளிர்க்கின்றது. பயனின்றி உழைத்த வேலனை எண்ணித் தான் நகைத்ததைத் தலைவி பின்னர்க் கூறுகின்றாள். 98-ஆம் பாட்டு இதனினும் ஆழமுடையது. வெறியாட்டு ஒருகால் பலித்துவிட்டால் என் செய்வது என்பது ஆண்டுத் தலைவியின் கவலை. முருகன் அருளால் இழந்த அழகு மீளுமாயின், இவள் நோய் தன்னால் வந்ததன்று என்று தலைவன் கருதிவிடுவான். அதன்பின் உயிர்வாழ்தல் அரிது என்று அவள் நடுங்குகின்றாள். நோய் தீராமையினும் நோய் பிறழ உணரப்படுதல் கொடிது என்னும் இவ் வுண்மையை இத்துணை நுட்பமாகக் கூறும் பிறிதொரு பாட்டை யாம் கண்டிலோம். உளமருத்துவம் பயில்வார் தம் முதற்பாடமாகக் கொள்ளத்தக்கது இப் பாட்டு.

குறுந்தொகை 362-ஆம் பாட்டில் தோழி, நீ இடும் பலியைத் தலைவனின் மார்பும் உண்ணுமோ என்று வேலனைக் கேட்கின்றாள். நற்றிணை 34-இல் தோழி முருகனையே நோக்கி, இந் நோய் நின்னால் வந்ததன்று என அறிந்தும் அழைத்தவுடன் வந்த நீ கடவுளேயாயினும் அறியாமை உடையை என்கின்றாள். இவ் விகழ்ச்சி கொண்டு சங்கப் புலவர் வெறியை முற்றும் வெறுத்தனர் என முடிவு கட்டலாகாது. திருமுருகாற்றுப்படை, வெறியாடு களத்தையும் முருகன் உறையும் இடங்களுள் ஒன்றாகப் போற்றுகின்றது. அகப்பாட்டுக்கள் எள்ளுவது காரணம் அறியாது செய்யும் மருத்துவத்தையே, முருக வழிபாட்டையன்று.

இனி வெறியின் அமைப்பில் ஒன்று நோக்கற்குரியது. நோயுற்றவள் ஒருத்தி, ஆடுகின்றவன் வேறொருவன். அவள் உடல் அசைவதில்லை; அவள் வாய் பேசுவதில்லை. அவள் பொருட்டுப் பிறன் ஒருவன் ஆடி, பிறன் ஒருவனே காரணமும் கூறிவிடுகின்றான்.

குரவை இதற்கு மாறானது. எழுவரேனும் ஒன்பதின்மரேனும் கைகோத்து ஆடுவது குரவை என உரையாசிரியர் கூறுவர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை இதற்குச் சிறந்த சான்று. குடத்துப் பால் உறையவில்லை; காளையின் கண்ணில் நீர் வடிகின்றது; உறிவெண்ணெய் உருகவில்லை; ஆட்டுக்குட்டி துள்ளாது கிடக்கின்றது; ஆன்மணி அறுந்து வீழ்கின்றது. வரப்போவது ஒரு கேடு என்று ஆயர்பாடி கலங்குகின்றது. மாதரி தன் மகள் ஐயையை அழைத்து, ஆனும் கன்றும் துயர் நீங்குமாறு, கண்ணகி காணக் குரவை ஆடுவோம் என்கின்றாள். மகளிர் எழுவர்க்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைப் பெயர் இட்டு வட்டமாக நிறுத்துகின்றாள். குரல் மாயவன் ஆகின்றது. இளி பலதேவன் ஆகின்றது. துத்தம் நப்பின்னை ஆகின்றது. கற்கடகக் கை கோத்து ஆடல் தொடங்குகின்றது. ஈண்டு அஞ்சியவர் யாரோ அவரே ஆடுகின்றனர். மருத்துவன் என வேறொருவன் இல்லை. பெயரில்லாத அச்சம் ஏழு சுரமாகப் பகுக்கப்பட்டு ஓர் ஒழுங்கிற்குள் வருகின்றது.

குரவை கேட்டைத் தடுத்ததோ எனின், இல்லை. காப்பிய அடைவில் கொலைக்களக் காதை முன்னரே முடிந்துவிட்டது. குரவை ஆடும் பொழுது கோவலன் மாண்டுவிட்டான். அடுத்த துன்பமாலையில் செய்தி வருகின்றது. குரவையால் வினை மாறும் என இளங்கோவடிகள் யாண்டும் கூறவில்லை. கலங்கிய நெஞ்சினர் கலக்கத்தோடு நிற்றற்கு ஒரு துணை என்ற அளவிலேயே அதனை அவர் அமைத்தார் என யாம் கருதுகின்றோம். கண்ணகி வட்டத்துள் சேர்க்கப்படாமல் காண்பவளாகவே நின்றாள் என்பதும் மறத்தற்குரியதன்று.

இவ் வேறுபாடு எம் கற்பனையோ என்பார்க்குக் குன்றக்குரவையே விடையாகும். குறவர் கைகோத்து ஆடும் அக் காதையினுள்ளேயே, தாய் வெறியாட வேலனை அழைத்தமை நகைத்தற்குரியது எனத் தலைவி கூறும் பாடல்கள் வருகின்றன. குரவை ஆடப்படுகின்றது, வெறி எள்ளப்படுகின்றது. இரண்டும் ஒரே வாயில் நிகழ்கின்றன.

நம்மாழ்வார் இதனைச் சமயத் துறையில் மேலும் ஒரு படி கொண்டு சென்றார். திருவாய்மொழி நான்காம் பத்தின் ஆறாம் திருமொழி வெறிவிலக்கு எனப்படும். மகளின் நோய் கண்ணனால் வந்தது. சிறுதெய்வம் ஏற்றி ஆடும் ஆட்டும், கள்ளும் இறைச்சியும் தூவலும் வேண்டா என அது தடுக்கின்றது. வெறியை விலக்கிய ஆழ்வார் ஆடலையும் விலக்கினார் என எண்ணற்க. பயன் கூறும் பதினோராம் பாட்டில், சடகோபர் தாமே தொழுது ஆடி நோய் தீர்ந்தவர் எனப்படுகின்றார். அப் பத்தையும் கொண்டு தொழுது ஆடிப் பாட வல்லவர்க்குத் துயர் இல்லை என்றும் கூறப்படுகின்றது. பிறன் ஆடும் ஆட்டு நீங்கியது. நோயுற்றவர் தாமே ஆடும் ஆட்டு மருந்தாயிற்று. எம் கருத்துக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

திருமங்கையாழ்வாரோ சிறிய திருமடலில் ஆடலையே நோய்க்குக் காரணமாக்கிவிட்டார். தெருவில் கண்ணன் ஆடிய குடக்கூத்தைக் காணச் சென்ற பெண் காமநோய் கொண்டு மீள்கின்றாள். அங்குக் கட்டுவிச்சி வருகின்றாள். சுளகில் நெல்லிட்டுக் குறி பார்க்கின்றாள். காரணம் கண்ணனே எனச் சரியாகவும் கூறிவிடுகின்றாள். திருவிடவெந்தைத் திருமொழியில் அவளுக்கும் வேலை இல்லை. காரணம் யார் எனத் தாய் முன்னரே அறிவாள். அறிந்தவிடத்துக் குறியும் வெறியும் வேண்டா, காரணமானவனையே கேட்டுவிடலாம். முதலில் எழுப்பிய வினாவிற்கு யாம் கூறும் விடை இது.

இவ் வாராய்ச்சி இன்று வேண்டப்படுதற்கும் காரணம் உண்டு. ஆடல்வழி உளமருத்துவம் என ஒரு துறை கடந்த நூற்றாண்டில் தோன்றியது. அமெரிக்க நாட்டு நடனக் கலைஞர் மேரியன் சேஸ் 1942-இல் வாசிங்டன் நகரத்துத் தூய எலிசபெத் மனநல மருத்துவமனையில் பணி தொடங்கினார். நோயாளிகளை வட்டமாக நிறுத்தி, அவர்களிடம் இயல்பாக எழும் சிறு அசைவைத் தாமும் ஏற்று ஆடிக் காட்டுவது அவர் முறை. பேச்சு அற்றுப்போன நோயாளியும் அவ் வட்டத்துள் பிறரோடு உறவு பெற்றார். 1966-இல் அந் நாட்டு ஆடல் மருத்துவச் சங்கம் நிறுவப்பட்டபோது அவரே அதன் முதல் தலைவர். நம் நாட்டில் சோகினி சக்கரவர்த்தி 2004-இல் நிறுவிய கொல்கத்தா சன்வேத் என்னும் அமைப்பு, கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களிடையே இம் முறையைப் பயன்படுத்தியது.

இத் துறையைக் கேள்வியுற்ற தமிழர், வெறியாட்டே இதன் முன்னோடி எனச் சொல்லிப் பெருமை கொள்ளுதல் எளிது. அஃது உவமை பிழைத்த பெருமை. சேஸ் அமைத்த வட்டத்தில் ஆடியவர் நோயுற்றவரே. அவ் வட்டத்திற்கு ஒப்பு குரவையே. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை; அமைப்பில் ஒப்புமை என்பதோடு நிற்றல் வேண்டும். பயன் பற்றியும் மிகை கூறலாகாது. மனச்சோர்வுக்கு ஆடல் மருத்துவம் பயன்படுமா என ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. அதற்குக் கிடைத்தவை மூன்றே ஆய்வுகள். அவற்றுட் பங்குகொண்டார் 147 பேர். உறுதியான முடிவு கூற இவை போதா என்றே அம் மதிப்பாய்வு எழுதியது. அறிவியலார் காட்டிய இவ் வடக்கத்தை இலக்கியம் பயில்வாரும் மேற்கொள்ளுதல் நன்று.

இன்றைய திருவிடந்தைக்கு வருவோம். திருமணம் தடைப்பட்டு மனம் நொந்தவர் இரண்டு மாலைகளோடு இக் கோயிலுக்கு வருவர். ஒரு மாலை பெருமாளுக்குச் சாத்தப்படும். மற்றொன்றைத் தாம் அணிந்து ஒன்பது முறை வலம்வருவர். நாளுக்கு ஒருத்தியாக 360 கன்னியரை இறைவன் மணந்தான் என்னும் தலவரலாறு இவ் வழக்கத்திற்கு அடிப்படை. இதனைக் குரவையின் எச்சம் எனக் கூற யாம் துணியோம். வலம்வருதல் எல்லாக் கோயிலுக்கும் பொது. ஆயினும் ஈண்டு மாலை அணிந்து நடப்பவர் அருச்சகர் அல்லர், வருந்தி வந்தவரே. மணம் முடிந்தபின் அவ் வுலர்ந்த மாலையுடன் துணைவரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் வந்து வலம்வருவர்.