மலோரி ரவர்ஸைக் கட்டிய எனிட் பிளைற்றன்

எமது தலைமுறை மாணவிகள் பலருக்கு ஆங்கில வாசிப்பின் கதவைத் திறந்துவிட்டவர் எனிட் பிளைற்றன். 1897இல் லண்டனில் பிறந்த அவர், தமது பாடசாலையில் மாணவர் தலைவியாக இருந்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சிறுவர்களுக்குக் கற்பித்தவர். 1922இல் வெளிவந்த முதல் நூல் ஒரு சிறு கவிதைத் தொகுப்பு. 1968இல் மறைவதற்குள் 700க்கும் மேற்பட்ட நூல்களை எழுதிவிட்டார்.

தட்டச்சுப் பொறியை மடியில் வைத்துக்கொண்டு, சில நாள்களில் 10,000 சொற்கள் வரை எழுதுவார். கதை தமது மனத்திரையில் படம்போல ஓடுகிறது என்றும், கண்டதையும் கேட்டதையுமே தாம் எழுதுவதாகவும் உளவியலாளர் பீற்றர் மக்கெல்லருக்குக் கடிதங்களில் விளக்கினார். அந்த வேகமே அவர்மீது குறையாகவும் சொல்லப்பட்டது. பி.பி.சி. வானொலி பல ஆண்டுகள் அவரது கதைகளை ஏற்கவில்லை. சொல்வளம் குறைவு என்று சில நூலகங்களும் அவற்றை ஒதுக்கின. கறுப்பினத்தவரையும் வேற்று நாட்டவரையும் அவர் சித்திரித்த விதம் நியாயமான கண்டனத்துக்கு உள்ளானது. பின்வந்த பதிப்புகளில் பல இடங்கள் திருத்தப்பட்டன.

ஆயினும் 1946 முதல் 1951 வரை வெளிவந்த மலோரி ரவர்ஸ் நூல்கள் ஆறையும் பெண்கள் பாடசாலையில் படித்த நாம் மறக்க முடியாது. நாயகி டரல் றிவர்ஸின் பெயர், ஆசிரியையின் இரண்டாவது கணவரான சத்திரசிகிச்சை நிபுணர் கெனத் டரல் வோட்டர்ஸின் பெயரிலிருந்து பிறந்தது. முன்கோபக்காரியான டரல், ஆறாவது நூலின் முடிவில் பல்கலைக்கழகம் செல்லத் தயாராகிறாள். தோழிகள் இருவர் குதிரையேற்றப் பள்ளி நடத்தத் திட்டமிடுகின்றனர். பாடசாலை வாழ்வு முடியும்போது இம்மாணவிகள் பேசுவது மேற்படிப்பையும் தொழிலையும் பற்றியே. விமர்சகர்கள் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, சிறுமிகள் இந்த எதிர்காலத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இறுதி ஆண்டுகளில் எனிட் பிளைற்றனை மறதிநோய் பீடித்தது. அந்நோயின் போக்கை அறிந்த வைத்தியர் என்ற வகையில், அத்தனை காட்சிகள் ஓடிய மனத்திரை மெல்ல மெல்ல மங்கியதை எண்ணும்போது மனம் கனக்கிறது. அவர் மறந்த கதைகளை அவருடைய வாசகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நூற்றாண்டு காணும் எமது கல்லூரியின் நூலகத்தில் இலகுவான கதைப்புத்தகம் கேட்டு வரும் சிறுமியைத் தடுக்காதிருப்போம். அதிலுள்ள குறைகளை அவளுடன் பேசுவோம். அடுத்த புத்தகத்தையும் எடுத்துக் கொடுப்போம்.