சுவரோரம் முறிந்த சில்லு

2005 யூன் 12 அன்று மஞ்சள் மெற்றோ எடுத்து நோத்ர்டாம் தீவுக்குப் போனேன். கிராண்ட் பிறீ ஓட்டத்தில் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனைப் பார்க்கத்தான். அவரது ஜோர்டான் கார் 70 சுற்றுகளை முடிக்கவில்லை. காரணம் சஸ்பென்ஷன். முன்னணியில் ஓடிய பெர்னாண்டோ அலோன்சோவும் சுவரில் உரசி, பின்சில்லின் சஸ்பென்ஷன் உடைந்து விலகினார்.

ஒரே நாளில் இரண்டு பேருக்கா? வண்டிதான் சரியில்லை என்று சலித்துக்கொண்டேன். அது அரைகுறை நியாயம்.

இந்தத் தீவு 1967 உலகக் கண்காட்சிக்காக நதியில் மண்ணும் கல்லும் கொட்டி எழுப்பியது. ஒடுங்கிய நிலம், அதனால் பாதையோரத்திலேயே சுவர். 1978 இல் இங்கே நடந்த முதல் கிராண்ட் பிறீயை நம்ம கியூபெக்காரர் ஜில் வில்நெவ் வென்றார். 1982 இல் அவர் மறைந்தபின் பாதைக்கு அவர் பெயர். 1999 இல் டேமன் ஹில், மைக்கேல் ஷூமாக்கர், ஜில்லின் மகன் ஜாக் மூவரும் ஒரே ஓட்டத்தில் ஒரே சுவரில் மோதினார்கள். மூவரும் உலகச் சாம்பியன்கள்!

வேகமாகப் போக விளிம்புக்கல்லில் ஏறத்தான் வேண்டும். சில்லைப் பிடித்திருக்கும் கரங்களோ மெல்லிய கார்பன் நார். நீளவாக்கில் வரும் இழுவையைத் தாங்கும். பக்கவாட்டில் அடிபட்டால் உருக்குப்போல வளையாது, படாரென்று முறியும். எங்கள் பனிக்காலக் குழிகளில் கார் படும்பாடு இதற்குத் தம்பி முறை.

அடுத்த ஞாயிறு இண்டியானாபொலிசில் ஆறு கார்கள் மட்டும் ஓட, நரேன் நான்காவதாக வந்தார். தொலைக்காட்சியில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய சில்லுகளைத்தான்.